வேலை வீட்டுக்கு வந்தது, வீடு யாருடையது?
(பாலக்காட்டுச் சமவெளியும் இடுக்கி மலையும் – ஒரு பார்வை)

உத்தியோகம் புருஷ லட்சணம் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். உத்தியோகம் எங்கே கிடைத்ததோ அங்கே நாமும் குடிபோனோம். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். தாத்தாவுக்கு ஓர் ஊர், அப்பாவுக்கு ஓர் ஊர், நமக்கு இன்னோர் ஊர். சொந்த ஊர் என்பது திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போய்விட்டு, நாலாம் நாள் ரயிலேறித் திரும்புகிற இடமாக ஆகிவிட்டது.

2020 மார்ச் 24-ஆம் தேதி இரவு நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது இந்தக் கதையில் ஒரு திருப்பம் நேர்ந்தது. மனிதர்கள் வேலையைத் தேடிப் போனது மாறி, வேலை மனிதர்களைத் தேடி அவர்கள் வீட்டுக்கே வந்தது. லேப்டாப்பும் இணைய இணைப்பும் இருந்தால் போதும், எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்றார்கள். "அப்படியானால் இனிமேல் பெங்களூரில் எதற்கு வாடகை கொடுக்கவேண்டும்? ஊரில் பூட்டிக்கிடக்கிற வீட்டைத் திறந்தால் என்ன?" என்ற கேள்வி பல குடும்பங்களில் எழுந்தது. "மூணாறு பக்கம் பத்து சென்ட் வாங்கிப் போட்டால் என்ன?" என்று கேட்டவர்களும் உண்டு.

இந்தக் கேள்விகளுக்குக் கேரளத்தின் எல்லைப் பகுதிகளிலிருந்து விடை தேட முயல்கிறேன். தொலைபேசி இலாகாவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். பாதி சர்வீஸ் பாலக்காட்டில், கொஞ்ச காலம் தேவிகுளம் தாலுகாவில். இரண்டு இடத்திலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. ஆனால் ஒரே தொழில்நுட்பம் இந்த இரண்டு ஊர்களிலும் செய்த காரியம் வேறு வேறு. வித்தியாசம் கம்பியிலோ டவரிலோ இல்லை; வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

ரயில் கொண்டுபோன கிராமங்கள்

பாலக்காட்டுக் கணவாயை அறியாதவர்கள் இருக்கமாட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல். கிழக்கே கோயம்புத்தூர், மேற்கே மலையாளக் கரை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலம் அமையும்வரை பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. வாளையாற்றைத் தாண்டுவது பக்கத்து ஜில்லாவுக்குப் போவதுதான். தனி பாலக்காடு மாவட்டம் 1957 ஜனவரி 1-ஆம் தேதி உண்டானது.

இந்தக் கணவாய் வழியாக ரயில் வந்தது 1860-களின் தொடக்கத்தில். 1862-இல் சென்னையிலிருந்து பேப்பூர் வரைக்கும் பாதை முழுமை பெற்றது. 1866-இல் பாலக்காட்டில் தொடங்கிய ஒரு பள்ளிக்கூடம் பின்னாளில் விக்டோரியா கல்லூரி ஆனது. ரயிலும் இங்கிலீஷ் படிப்பும் ஒரே ஊரில் சேர்ந்தால் என்ன ஆகும்? கல்பாத்தி, நூரணி போன்ற அக்ரஹாரங்களிலிருந்து பிள்ளைகள் டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் படித்துக்கொண்டு சென்னை, பம்பாய், கல்கத்தா, டில்லி என்று கிளம்பினார்கள். அன்றைக்கு டைப்ரைட்டர்தான் புதிய தொழில்நுட்பம். அது ஆபீசில் மட்டுமே இருந்தது. ஆபீஸ் பெரிய நகரத்தில் மட்டுமே இருந்தது. ஆகவே பிள்ளை போனான், அவன் பின்னால் குடும்பமும் போனது.

இரண்டாவது அலை 1970-இல் வந்தது. கேரள நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் அந்த வருஷம் ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. குத்தகை முறை ஒழிந்தது. உழுதவனுக்கு நிலம் கிடைத்தது. அது நியாயமான சட்டம், சந்தேகமில்லை. ஆனால் குத்தகை நெல்லை நம்பியிருந்த அக்ரஹாரக் குடும்பங்களுக்கு ஊரில் இருக்கக் காரணம் போய்விட்டது. வீடு மட்டும் மிஞ்சியது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டிரங்க்கால் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தாலே ஊரின் நிலைமை தெரியும். ஐப்பசி மாதக் கடைசியில் கல்பாத்தித் தேர் வரும். அதற்கு இரண்டு வாரம் முன்னாலிருந்தே பம்பாய்க்கும் டில்லிக்கும் கால் போட ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். "டிக்கெட் கிடைச்சுதா? எத்தனை பேர் வரேள்?" என்பதுதான் எல்லாருடைய பேச்சும். தேர் முடிந்தால் பதிவுப் புத்தகம் காலி, தெருவும் காலி. பிறகு எஸ்.டி.டி. வந்தது, செல்போன் வந்தது. பேசுவது சுலபமாயிற்று, ஆனாலும் தெரு நிரம்பவில்லை. ஏனென்றால் பேச்சு மட்டும்தான் கம்பி வழியாக வந்தது. சம்பளம் தரும் வேலை நகரத்தை விட்டு நகரவில்லை.

நகரம் ஏன் விலை உயர்ந்தது?

நகரத்தில் நாம் கொடுக்கிற வாடகை வெறும் சுவருக்கும் கூரைக்குமான காசு அல்ல. ஆபீசுக்குப் பக்கத்தில் இருப்பதற்கான காசு அதில் பெரும்பங்கு. வேலை எங்கே குவிகிறதோ அங்கே மனை விலை ஏறும். திருவனந்தபுரத்தில் 1990-இல் டெக்னோபார்க் தொடங்கியபோது இந்தியாவிலேயே அப்படி ஒரு தொழில்நுட்பப் பூங்கா அதுதான் முதலாவது. 2004-இல் கொச்சி காக்கநாட்டில் இன்ஃபோபார்க் வந்தது. 2010-இல் கோயம்புத்தூரில் டைடல் பார்க் திறந்தார்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் அடுக்குமாடி வீடுகளும் ஹாஸ்டல்களும் மெஸ்களும் முளைத்ததை அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

வேலை வீட்டுக்கு வந்துவிட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகும் என்று 2020-இல் பலர் எதிர்பார்த்தார்கள். அரசாங்கமும் வழி திறந்துவிட்டது. கால் சென்டர் போன்ற சேவை நிறுவனங்களுக்கு இருந்த பதிவு, வங்கி உத்தரவாதம் போன்ற கெடுபிடிகளை 2020 நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நீக்கியது. அந்தக் கெடுபிடிகளை நேரில் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், அது சின்ன மாற்றமல்ல.

ஆனால் நகரம் காலியாகவில்லை. அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த அர்ஜுன் ரமணி, நிக்கோலஸ் புளூம் என்ற இருவர் 2021-இல் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். மக்கள் நகரத்தின் நடுவிலிருந்து கிளம்பினார்கள். ஆனால் தொலைதூரத்துக்குப் போய்விடவில்லை. அதே நகரத்தின் ஓரத்துக்குப் போனார்கள். நடுவில் வாடகை இறங்கியது, ஓரத்தில் விலை ஏறியது. இதற்கு அவர்கள் டோனட் பண்டத்தின் பெயரை வைத்தார்கள். நமக்கு உளுந்து வடை என்றால் சட்டென்று விளங்கும்: நடுவில் ஓட்டை, சுற்றிலும் கனம்.

காரணம் எளிது. முழுக்க முழுக்க வீட்டிலிருந்தே வேலை என்பது சிலருக்குத்தான் நிலைத்தது. மற்றவர்களுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆபீஸ், மீதி நாள் வீடு. வாரம் இரண்டு தடவை போகவேண்டும் என்றால் இருபது கிலோமீட்டரும் ஐம்பது கிலோமீட்டரும் தாங்கும். ஐந்நூறு கிலோமீட்டர் தாங்காது. நம் நாட்டில் டி.சி.எஸ். நிறுவனம் 2025-க்குள் நாலில் ஒரு பங்கு ஊழியர்கள் ஆபீசில் இருந்தால் போதும் என்று 2020-இல் சொன்னது. 2023 அக்டோபரில் எல்லாரையும் வாரம் ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டது. இந்தியப் பெருநகரங்களில் 2024-இல் அலுவலக இடங்கள் குத்தகைக்குப் போனது அதற்கு முன் இல்லாத அளவு.

கல்பாத்தியில் ஒரு வீட்டில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். தாத்தா காலத்து வீடு. பல வருஷம் பூட்டிக்கிடந்தது. 2020-இல் பேரன் வந்து திறந்தான். ரேழியில் வெள்ளையடித்து, மச்சில் மேஜை நாற்காலி போட்டு, கண்ணாடி இழை இணைப்பு வாங்கிவிட்டான். "ஆபீஸ் எங்கேன்னு கேக்கறேளா மாமா? இதோ, இந்த மச்சுதான் ஆபீஸ். மானேஜர் பெங்களூர்ல இருக்கார், அவருக்கு மேல இருக்கறவர் டெக்சாஸ்ல இருக்கார்" என்றான். பாட்டிக்கு ரொம்ப சந்தோஷம். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். "வாரத்துல மூணு நாள் கட்டாயம் வரணும்னு மெயில் வந்துடுத்து மாமா. இனிமே ஞாயித்துக்கிழமை ராத்திரி வண்டிதான்." வீடு மறுபடியும் பூட்டப்படவில்லை, மாதம் பத்து நாள் வந்து இருக்கிறான். அதுவே பெரிய மாற்றம்தான். ஆனால் 2020-இல் நாம் கனவு கண்ட அளவு இல்லை.

வடையின் விளிம்பு வாளையாறு வரை

பாலக்காட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே சுமார் ஐம்பது கிலோமீட்டர். நாலுவழிச் சாலையும் ரயிலும் உண்டு. 2015-இல் பாலக்காடு–பொள்ளாச்சி அகலப்பாதையும் திறந்தது. ஆகவே கோயம்புத்தூர் என்ற வடையின் விளிம்பு இப்போது வாளையாற்றைத் தாண்டிவிட்டது என்று சொல்லலாம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது வாளையாறு விற்பனைவரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் காத்துக்கிடந்த காலம் முடிந்தது. 2015-இல் பாலக்காட்டில் ஐ.ஐ.டி. தொடங்கியது. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை புதுச்சேரி என்ற ஊரை ஒட்டி (இது பாலக்காட்டுப் புதுச்சேரி, பாண்டிச்சேரி அல்ல) 1,710 ஏக்கரில் 3,806 கோடி ரூபாய்த் தொழில் நகரத்துக்கு ஒப்புதல் தந்தது.

இதனால் யாருக்கு லாபம்? ஊரில் பட்டா நிலமோ வீடோ வைத்திருப்பவருக்கு லாபம். பெங்களூர் சம்பளம் வாங்குகிறவர் பாலக்காட்டில் வாடகைக்கு வீடு தேடினால் கேட்ட வாடகையைக் கொடுப்பார். அதே தெருவில் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவரும் தனியார் பள்ளி ஆசிரியையும் அந்த வாடகை கொடுக்க முடியாது. சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி போன்ற இடங்கள் மழை மறைவுப் பிரதேசம். தண்ணீர்க் கஷ்டம் உண்டு. தமிழ் பேசும் விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் நிறைய. அங்கே நிலம் மலிவு. "சென்ட் என்ன விலை?" என்று காரில் வந்து கேட்கிறவர்கள் இப்போது அதிகம். விற்கிறவருக்கு அன்றைக்குக் கையில் காசு. அவருடைய மகனுக்கு நாளைக்கு அதே ஊரில் மனை வாங்க முடியுமா என்பது வேறு கேள்வி.

மலையில் ஒரு முடிச்சு

இனி இடுக்கிக்குப் போவோம். பாலக்காட்டில் பிரச்சினை வீடு இருந்தும் ஆளில்லாதது. மூணாற்றில் ஆள் இருந்தும் சொந்த வீடு இல்லாதது.

கண்ணன் தேவன் மலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோட்டங்கள் வந்தன. மலையை வெட்டவும் கொழுந்து கிள்ளவும் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆட்களைக் கூட்டிப்போனார்கள். அவர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகள்தான் லயம். இலங்கை மலையகத்திலும் இதே சொல்தான், இதே வீடுதான். 1956-இல் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. 1972 ஜனவரி 26-இல் இடுக்கி மாவட்டம் உருவானது.

பாலக்காட்டு நிலவுடைமையைக் கலைத்த அதே நிலச் சீர்திருத்தச் சட்டம் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு அளித்தது. 1971-இல் கண்ணன் தேவன் மலை நிலத்தை அரசு மீட்கத் தனிச் சட்டம் வந்தது. அதன்பின் 1974-இல் ஏறத்தாழ 57,000 ஏக்கரைத் தேயிலை சாகுபடிக்கென்று கம்பெனிக்கே விட்டுக்கொடுத்தார்கள். தொழிலாளி குடியிருந்த லயம் கம்பெனியின் சொத்தாகவே நின்றது. 2005-இல் டாடா டீ விலகி, கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற கம்பெனி உண்டானபோது தொழிலாளர்களே பெரும்பான்மைப் பங்குதாரர்கள் ஆனார்கள். நல்ல காரியம். ஆனால் கையில் பங்குப் பத்திரம் வந்தது. வீட்டுப் பத்திரம் வரவில்லை.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. 2025 நவம்பரில் அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது. வீட்டுக் கடமை அதிலும் உண்டு. கடமை நல்லதுதான். ஆனால் அது வேலையில் இருக்கும் வரைக்கும்தான்.

தேவிகுளத்தில் நான் இருந்தபோது, கொழுந்து கிள்ளும் வேலையிலிருந்து ஓய்வு பெறப்போகும் ஓர் அம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தேன். "எங்கம்மா இந்த லயத்துலதான் என்னையப் பெத்தா. நானும் இங்கதான் மூணு புள்ளைகளப் பெத்தேன். வேலை இருக்குற வரைக்கும் வீடு சார். வேலைய விட்டா, வீட்டக் காலி பண்ணுனாத்தான் கிராஜுவிட்டிம்பாங்க. நாடுன்னு ஊர்ப் பக்கம் போனா அங்க யாரு இருக்கா?" என்றார். வீட்டை விடாமலிருக்க ஒரே வழி, பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்து வேலைக்குச் சேர்வது. அவருடைய கடைசி மகள் பி.காம். படித்தவள். அவள்தான் சேர்ந்தாள்.

இந்த இடத்தை வாசகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை என்பதன் பொருள் என்ன? வேலை ஓர் இடம், வீடு ஓர் இடம் என்று பிரிக்கலாம் என்பதுதான். லயத்தில் அது நேர் எதிர். வேலையும் வீடும் ஒரே முடிச்சு; ஒன்றை அவிழ்த்தால் இன்னொன்று போய்விடும். பெங்களூர் கம்பெனிக்கு அந்தப் பெண் மூணாற்றிலிருந்தே கணக்கு எழுதலாம் என்று தொழில்நுட்பம் சொல்கிறது. ஆனால் அந்த வேலையை எடுத்துக்கொண்டால் அவள் உட்கார்ந்து எழுதுவதற்கு வீடு இல்லை.

2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் ரோட்டுக்கு வந்து போராடியதை எல்லாரும் டி.வி.யில் பார்த்தோம். அப்போது தினக்கூலி 232 ரூபாய். போராட்டத்துக்குப் பின் 301 ரூபாய் ஆனது. போனஸ், கூலியோடு அவர்கள் பேசிய முக்கியமான விஷயம் இந்த வீடுகள். கூலி ஏறியது. வீட்டின் முடிச்சு அவிழவில்லை.

அந்தக் கூலியை வைத்துக்கொண்டு வெளியே மனை வாங்கலாமே என்று கேட்கலாம். எங்கே வாங்குவது? சுற்றியுள்ள பள்ளிவாசல், சின்னக்கானல் பக்கமெல்லாம் ரிசார்ட்டுக்கும் வில்லாவுக்கும் நிலம் தேடுகிறவர்களின் போட்டி. கொரோனாவுக்குப் பிறகு லேப்டாப்போடு வந்து மாதக் கணக்கில் தங்குகிறவர்களும் சேர்ந்தார்கள். நல்ல குளிர், நல்ல காட்சி, அறைக்கு வைஃபை. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவரின் வருமானத்தை வைத்து நிலத்துக்கு விலை வைக்கும்போது, அந்த ஊரில் கொழுந்து கிள்ளுகிறவர் ஏலத்திலேயே நிற்க முடியாது.

பெட்டிமுடி

2020 ஜூனில் கேரளத்தில் பள்ளிப் பாடம் டி.வி. வழியாகவும் இணையம் வழியாகவும் தொடங்கியது. ராஜமலைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் கிலோமீட்டர் கணக்கில் வந்து, மழையிலும் ரோட்டோரத்தில் உட்கார்ந்து படித்தார்கள். அதே மாதங்களில்தான் நகரத்து ஊழியர்கள் மலைக்குப் போய் வேலை பார்ப்பதைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதத் தொடங்கின.

அந்த வருஷம் ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லய வரிசைகளின் மேல் விழுந்தது. 70 பேர் மாண்டார்கள். பலருடைய பூர்வீகம் கயத்தாறு வட்டாரம். கரண்ட் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. மறுநாள் காலையில்தான் வெளியுலகத்துக்குச் செய்தி வந்தது. தொலைபேசி இலாகாக்காரனாக இருந்தவனுக்கு இதைப் படித்தபோது மனசு கேட்கவில்லை. 1940-இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. கேரளத்துக்கு முதல் நீர்மின்சாரம் இந்த மலையிலிருந்துதான் போனது. அந்த மலையில் 80 வருஷம் கழித்து ஓர் ஆபத்தைச் சொல்ல ஒரு போன் இல்லை.

சிக்னல் இருந்திருந்தால் மலை சரியாமல் இருந்திருக்காது. சொந்தமாக மனை வாங்க வாய்ப்பு இருந்திருந்தால் சிலராவது வேறிடத்தில் இருந்திருப்பார்கள். வீடு எங்கே இருக்கவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை அவர்கள் கையில் இல்லை.

முடிச்சை அவிழ்க்கவே முடியாது என்றில்லை. 2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண்சரிவு அழித்த பிறகு, கல்பற்றாவில் எல்ஸ்டன் எஸ்டேட் நிலத்தை அரசு எடுத்து, குடும்பத்துக்கு 7 சென்ட் மனையில் வீடு என்று நகரியம் கட்ட 2025 மார்ச்சில் அடிக்கல் நாட்டியது. தோட்ட நிலத்தில் தொழிலாளிக்கு மனை தரமுடியும் என்பதற்கு இது சாட்சி. அதற்கு ஒரு மண்சரிவு வரவேண்டியிருந்தது என்பதுதான் வருத்தம்.

வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

நம் சங்கத்துக் குடும்பங்கள் பல, ஊர்ப் பக்கம் இடம் வாங்கும் யோசனையில் இருப்பது எனக்குத் தெரியும். கேரளப் பத்திரங்களில் தமிழ் போலவே ஒலிக்கும் சொற்கள் உண்டு, பொருள் வேறு. நம்மாட்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

முதலாவது, நிலம். நமக்கு நிலம் என்றால் எந்த இடமும். கேரள வருவாய்ப் பதிவில் 'நிலம்' என்றால் நெல்வயல். வீடு கட்டத்தக்க மேட்டு இடம் 'புரயிடம்'. 2008-இன் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி வயலில் நினைத்தபடி வீடு கட்ட முடியாது. மண் நிரப்பி மேடாகத் தெரிந்தாலும், வில்லேஜ் ஆபீஸ் பதிவேட்டிலும் டேட்டா பேங்க் பட்டியலிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தே முன்பணம் கொடுக்கவேண்டும்.

இரண்டாவது, 'ஆதாரம்' என்றால் அங்கே கிரயப் பத்திரம். 'போக்குவரவு' என்றால் பட்டா மாறுதல். பஸ் போக்குவரத்து அல்ல. 'பாத்யதா சர்ட்டிபிகேட்' நம் வில்லங்கச் சான்று. நிலவரி கட்டிய ரசீதைக் 'கரம்' கட்டிய ரசீது என்பார்கள். இவை நான்கும் ஒரே பெயரில், ஒரே சர்வே எண்ணில் இருக்கிறதா பார்க்கவேண்டும்.

மூன்றாவது, இடுக்கியில் பட்டயம். அங்கே பெரும்பகுதி நிலம் 1964-ஆம் ஆண்டு நிலப்பதிவு விதிகளின்படி விவசாயத்துக்கும் குடியிருப்புக்கும் என்று கொடுத்தது. அதில் ரிசார்ட்டோ வாடகை வில்லாவோ கட்டினால் சிக்கல். மூணாறு வட்டாரத்தில் கட்டடம் கட்ட வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும் என்று 2010-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019 ஆகஸ்டில் அரசாணையும் வந்தது. 2023 செப்டம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்துக்கு 2024 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் தந்தார். "திருத்தம் வந்தாச்சு சார், இனிமே ஒரு பிரச்சினையும் இல்லை" என்று புரோக்கர் சொன்னால் அப்படியே நம்பவேண்டாம். அந்தக் குறிப்பிட்ட பட்டயத்தில் என்ன நோக்கம் எழுதியிருக்கிறது என்று ஒரு வக்கீலை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, வெளிநாட்டில் குடியிருக்கும் உறவினர்களுக்கு. வெளிநாடுவாழ் இந்தியர் வீடும் மனையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தராது. வாரிசாக வருவதற்குத் தடையில்லை.

நாம் செய்யக்கூடியது

வேலை ஊருக்குத் திரும்பி வருவது நடக்கவே நடக்காத கனவல்ல. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011-இல் அலுவலகம் திறந்து உள்ளூர்ப் பிள்ளைகளைச் சேர்த்தது. 2025 ஜூலையில் கேரளத்தில் கொட்டாரக்கரையிலும் ஒரு மையம் தொடங்கியது. 2023 ஜூன் 5-இல் கேரள அரசு கே-ஃபோன் என்ற கண்ணாடி இழை வலையைத் தொடங்கி, மின்கம்பங்கள் வழியாக இணைப்பு கொண்டுபோகிறது. கம்பி வந்துவிடும். கம்பி வந்தபின் அதன் பலன் யாருக்குப் போகும் என்பதில் நமக்கும் பங்கு உண்டு.

பாலக்காட்டிலும் சித்தூரிலும் பூர்வீக வீடு வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: விலை ஏறட்டும் என்று பூட்டிப் போடாதீர்கள். பூட்டிய வீடு ஓடு சரிந்து, கரையான் ஏறி, கடைசியில் மனை விலைக்குத்தான் போகும். முதலில் பங்காளிகள் உட்கார்ந்து பாகப்பிரிவினையையும் போக்குவரவையும் முடியுங்கள். பிறகு, மாதம் சில நாள் வந்து வேலை பார்க்கப் பிள்ளைகளுக்கு ஓர் அறை வைத்துக்கொண்டு, மீதியை ஊரிலேயே வேலை பார்க்கும் ஒரு குடும்பத்துக்குத் தாங்கும் வாடகைக்கு விடலாம். வீட்டில் விளக்கு எரியும். தெருவில் கடை நிலைக்கும்.

மலைப் பக்கம் வாங்க நினைப்பவர்களுக்கு: சட்டப்படி சரியாக இருந்தாலும், சரிவில் கட்டாதீர்கள். இரண்டாவது வீடாக வருஷத்தில் பத்து நாள் தங்கவா, நிரந்தரமாகக் குடியேறவா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பத்து நாளுக்கென்றால் வாடகை அறை போதும்.

சங்கத்துக்கு ஒரு யோசனை. ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகை கொடுக்கிறோம். அதில் ஒரு பகுதியைத் தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களில் தமிழ் வழியில் படிக்கும் தோட்டப் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம். மூணாற்றில் ஒரு வாடகை இடத்தில் இணைய வசதியோடு ஒரு படிப்பறை நடத்த முடியுமா என்று பார்க்கலாம். பி.காம். படித்த பெண் வீட்டை இழக்காமல் வெளி வேலைக்கு முயல அங்கே உட்கார இடம் கிடைக்கும். வீட்டுமனை உரிமை கேட்டு அங்குள்ளவர்கள் அரசுக்கு மனு கொடுக்கும்போது நம் சங்கத்தின் கையெழுத்தும் அதில் இருக்கலாம்.

நாம் எல்லாரும் ஒரு காலத்தில் வேலைக்காக வீட்டை விட்டவர்கள். வீட்டுக்காக வேலையை விட முடியாமல் இருப்பவர்களின் கஷ்டம் மற்றவர்களைவிட நமக்குச் சீக்கிரம் புரியவேண்டும். அடுத்த லீவில் மூணாறு போகிறவர்கள் தேயிலைக் காட்டில் போட்டோ எடுத்துக்கொண்ட பிறகு, லயத்துப் பக்கமும் ஒரு நடை போய், அங்கே நம் தமிழில் நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.